ஜிப்ரானை லைப்ரரி சுவத்துல மாட்டின கதை: புத்தக ரிப்பேர்ல இருந்து பேனல் வரைக்கும்

‘தி ப்ராஃபெட்’ எழுதின கவிஞர் கலீல் ஜிப்ரான்னா நம்ம ஆளுங்களுக்கு குழந்தைகள் தினத்தன்னைக்கு ஸ்டேட்டஸ்ல சுத்துற நாலு வரி, அவ்வளவுதான். அந்த மனுஷன் பாதி ஓவியர்ங்கறது நிறைய பேருக்குத் தெரியாது, பாஸ்டன்லயே இருக்கிறவங்களுக்குக்கூட அவர் வளர்ந்தது இந்த ஊர்லதான்னு தெரியல. 1883ல லெபனான் மலையில பிஷர்ரிங்கற ஊர்ல பொறந்து, 1895ல 12 வயசுல அம்மா, அண்ணன், ரெண்டு தங்கச்சிங்களோட கப்பலேறி வந்து சவுத் எண்ட் பக்கம் ஏழைங்க தெருவுல குடியேறின பையன். அப்பா வரல, அம்மா லேஸும் துணியும் மூட்டை கட்டித் தோள்ல போட்டு வீடு வீடா வித்துதான் அடுப்பு எரிஞ்சுது.

நான் இருக்கிறது பாஸ்டனுக்கு வெளிய ஒரு சின்ன டவுன். இங்க லைப்ரரியில ஒரு நீளமான காரிடார் இருக்கு, ஊர்க்காரங்க யார் வேணா அப்ளை பண்ணி எதையாவது மாட்டலாம், பெரும்பாலும் பறவை போட்டோவும் வாட்டர்கலரும்தான் வரும். அதுல ஜிப்ரானோட ஓவியங்களையும் அதெல்லாம் எப்படித் தப்பிப் பொழைச்சுதுங்கற கதையையும் வைக்கலாம்னு இறங்கினேன். என்ன பண்ணேன், எது ஒத்துவந்துச்சு, எவ்வளவு மண்டை காஞ்சுதுன்னு இங்க எழுதி வைக்கிறேன். இதே மாதிரி உங்க ஊர் கவிஞர் யாருக்காவது பண்ணணும்னா முக்கால்வாசி வேலை இதேதான்.

முதல்ல உரிமை விஷயம், ஏன்னா இதைப் பார்க்காம ஸ்கேனரைத் தொடறது வீண். ‘தி ப்ராஃபெட்’ வந்தது 1923 செப்டம்பர்ல, அமெரிக்காவுல 2019 ஜனவரி 1ல அது பொதுச்சொத்து, அதாவது யார் வேணா அனுமதி கேக்காம எடுத்துப் போடலாம்னு ஆயிடுச்சு, உள்ள இருக்கிற 12 ஓவியங்களும் சேர்த்துதான். 1918ல வந்த ‘தி மேட்மேன்’, 1919ல வந்த ‘ட்வென்டி டிராயிங்ஸ்’ எல்லாம் அதுக்கு முன்னாடியே ஆயாச்சு. தட்டையான ஒரு பழைய படத்தை அப்படியே போட்டோ எடுத்தா அந்த போட்டோவுக்குப் புதுசா காப்பிரைட் கிடையாதுன்னு 1999ல நியூயார்க் ஃபெடரல் கோர்ட்ல ஒரு தீர்ப்பும் இருக்கு. ஆனா ஜிப்ரான் தனக்குப் பண உதவி பண்ண மேரி ஹாஸ்கல்ங்கற அம்மாவுக்கு எழுதின கடிதங்கள் வேற கதை, அது தொகுப்பா வந்ததே 1972ல, அதனால அதுல இருந்து ஒரு வரிகூட பேனல்ல, அதாவது படங்களோட சேர்த்து மாட்டற எழுத்துப் பலகையில, போடக்கூடாதுன்னு முடிவு பண்ணேன். கடிதங்களோட கதையைச் சொல்லலாம், அதுக்கு யாரும் காசு கேக்க முடியாது.

அடுத்தது புத்தகம். நெட்லயே படம் கிடைக்குதே, எதுக்கு பழைய புத்தகம்னு வீட்ல கேட்டாங்க. நெட்ல கிடைக்கிற முக்காவாசி படம் பத்து தடவை காப்பி ஆகி, கான்ட்ராஸ்ட் ஏத்தி, ஓரம் வெட்டி, பென்சில் கோடு எல்லாம் கருப்பு அப்பினதா இருக்கு. ஜிப்ரானோட பலமே அந்த மெல்லிசான வாஷும் (தண்ணியா கரைச்ச கலர் பூச்சு) பென்சிலும்தான், உடம்பு எங்க முடியுது மேகம் எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியாது, அதை கான்ட்ராஸ்ட் ஏத்தினா வெறும் சினிமா போஸ்டர் ஆயிடும். அதனால ‘ப்ராஃபெட்’டை வெளியிட்ட க்னாஃப் கம்பெனியோட பழைய பதிப்புங்க, அதாவது கருப்புத் துணி அட்டை போட்ட பழைய ‘ப்ராஃபெட்’ காப்பிங்க ரெண்டு மூணு, பழைய புத்தகக் கடையில சல்லிசா வாங்கினேன். இந்தப் புத்தகம் விடாம அச்சாகிட்டே இருந்ததால பழைய காப்பி கிடைக்கிறது கஷ்டமே இல்ல, எந்த அச்சுன்னு காப்பிரைட் பக்கத்துலயே போட்டிருப்பான்.

வாங்கினதுல நல்ல படம் இருந்த காப்பியோட முன்னட்டை கழண்டு ஆடிட்டு இருந்துச்சு, ஒரு தாள் ஓரத்துல நீளமா கிழிசல், போதாக்குறைக்கு யாரோ புண்ணியவான் எப்பவோ செலோடேப் ஒட்டி அது மஞ்சளாகி பிசுபிசுன்னு கெடந்துச்சு. புத்தகத்துக்கு செலோடேப் ஒட்டறவங்களை என்ன பண்றதுன்னு தனியா ஒரு சட்டம் வேணும். ஹேர் டிரையரை லேசா, தள்ளிவச்சுக் காட்டினா மேல் பிளாஸ்டிக் உரிஞ்சு வந்துடும், மிச்சம் இருக்கிற கோந்தை க்ரேப் ரப்பரால (கோந்தை ஒட்டி இழுக்கிற ரப்பர் துண்டு) உருட்டி உருட்டி எடுக்கலாம். கறை போகாது. அதைப் போக்க கெமிக்கல் எல்லாம் போடாதீங்க, விட்டுடுங்க.

கிழிசலுக்கு ஜப்பானியத் தாளும் கோதுமை ஸ்டார்ச் பசையும். நம்ம ஊர்ல போஸ்டர் ஒட்ட மைதா காய்ச்சுவோம்ல, கிட்டத்தட்ட அதேதான், ஆனா மைதாவுல இருக்கிற புரதம் பூச்சியைக் கூப்பிடும், நாளாக நாளாக மஞ்சளாகும், அதனால புரதம் எடுத்த சுத்த ஸ்டார்ச்னு கேட்டு வாங்கணும். ஒரு பங்கு ஸ்டார்ச்சுக்கு நாலு பங்கு தண்ணி, சின்ன தீயில அரை மணி நேரம் கை எடுக்காம கிண்டணும், ஆறினதும் சல்லடையில தேச்சு வடிகட்டி, தயிர் பதத்துக்குத் தண்ணி விட்டுக்கணும். ஜப்பானியத் தாளைக் கத்திரிக்கோலால வெட்டவே கூடாது, ஈர பிரஷ்ஷால கோடு போட்டு மெதுவா இழுத்துப் பிரிச்சா ஓரத்துல நார் நாரா வரும், அந்த நார்தான் தாளோட போய்ப் பிடிச்சுக்கிறது. ஒட்டினதும் மேலயும் கீழயும் ஒட்டாத பாலியஸ்டர் துணி, அதுக்கு மேல பிளாட்டிங் பேப்பர், அதுக்கு மேல வீட்ல இருக்கிற கனமான ஏதாவது, ராத்திரி முழுக்க. எங்க வீட்ல இட்லி அரிசி டப்பா வச்சேன்.

ஆடுற அட்டைக்கு அமிலமில்லாத பிவிஏங்கற வெள்ளைப் பசை. நிட்டிங் ஊசியில பசையைத் தடவி, முதுகுக்கும் அட்டைக்கும் நடுவுல இருக்கிற பொந்துக்குள்ள மேல இருந்து கொஞ்சம் கீழ இருந்து கொஞ்சம் உருட்டிவிட்டு, அட்டைக்கு உள்பக்கம் மெழுகுத்தாள் வச்சு மூடி, முதுகோரப் பள்ளத்துல அதே ஊசியைப் படுக்க வச்சு அழுத்தி வெயிட் வச்சிடணும். பசை கொஞ்சமா இருக்கணும், வழிஞ்சா பக்கமெல்லாம் ஒட்டிக்கும். இது எல்லாமே கடையில சல்லிசா கிடைக்கிற காப்பிக்கு மட்டும்தான், கையெழுத்து போட்ட காப்பி, முதல் பதிப்பு எல்லாம் உங்க கையில இருந்தா தயவுசெஞ்சு தொடாதீங்க, புத்தகப் பாதுகாப்பு தொழிலா பண்றவங்ககிட்ட கொடுங்க.

இப்ப படம் எடுக்கிறது. ஃப்ளாட்பெட் ஸ்கேனர்ல கண்ணாடி மேல பழைய புத்தகத்தைக் கவுத்து அமுக்கினா முதுகு உடையும், அதனால கேமராதான். புத்தகத்தை முழுசா விரிக்காம, ரெண்டு சரிவுப் பலகை வச்சு ஒரு 100 டிகிரி அளவுக்குத் திறந்து, படம் இருக்கிற பக்கத்துக்கு நேர் எதிர்ல கேமரா, ரெண்டு பக்கமும் 45 டிகிரியில எல்ஈடி லைட். 50 எம்எம் மேக்ரோ லென்ஸ், ஐஎஸ்ஓ 100, எஃப் 8, டைமர் வச்சு, கேமரா எதையும் மாத்தாத ரா ஃபைல்ல. முதல் ஷாட்ல நிறம் சரிபார்க்க ஒரு கிரே கார்டு (சாம்பல் நிற அட்டை). ஒரு முக்கியமான விஷயம், எடுக்கிற தாளுக்குப் பின்னாடி கருப்பு அட்டை செருகணும், இல்லன்னா பின்பக்கத்து எழுத்து லேசா தெரியும், அப்புறம் அதை சாஃப்ட்வேர்ல அழிக்கிறேன்னு உட்கார்ந்தா கூடவே பென்சில் கோடும் போயிடும்.

‘ட்வென்டி டிராயிங்ஸ்’ 1919 பதிப்பு நம்ம பட்ஜெட்டுக்கு வரல. ஒரு லெபனான் குடும்பத்துப் பெரியவர்கிட்ட இருக்குன்னு லைப்ரரியன் சொன்னாங்க. போய்க் கேட்டா, காப்பி வீட்டைவிட்டு வெளிய போகாது, வேணும்னா இங்கயே எடுத்துக்கோன்னுட்டார். நியாயம்தானே. அவங்க வீட்டு டைனிங் டேபிள்லயே லைட்டு, பலகை எல்லாம் பரப்பி எடுத்தோம், அவர் பக்கத்துல நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமும் அவரேதான் திருப்பினார், நடுவுல ஏலக்கா போட்ட காபி வேற. அவரோட பாட்டியும் மூட்டை தூக்கி வித்தவங்களாம், ‘ஜிப்ரானோட அம்மான்னு சொல்றாங்க, எங்க தெருவுல எல்லார் அம்மாவும் அதுதான் பண்ணாங்க’ன்னார். அதை அவர் அனுமதியோட பேரில்லாம முதல் பேனல்ல போட்டிருக்கேன், மொத்த கண்காட்சியிலயும் மக்கள் நின்னு படிக்கிற இடம் அதுதான்.

வீட்டுக்கு வந்து பெரிசு பண்ணிப் பார்த்தா அச்சுப் படத்துல ஹாஃப்டோன் புள்ளி. பழைய அச்சுல சாம்பல் நிறத்தைச் சின்னச் சின்னப் புள்ளியாத்தான் போடுவாங்க, அதை டிஜிட்டல் பிக்சல்ல பிடிச்சு சைஸ் மாத்தினா ரெண்டு கட்டமும் மோதி பட்டுப்புடவை மாதிரி அலை அலையா மின்னும். வழி என்னன்னா முதல்ல எவ்வளவு பெரிசா முடியுமோ அவ்வளவு பெரிசா எடுத்துட்டு, புள்ளி கரையற அளவுக்கு மட்டும் லேசா பிளர் பண்ணி, அப்புறம் பாதி சைஸுக்குக் குறைச்சு, கடைசியில துளி ஷார்ப்பன். கிம்ப்ங்கற இலவச சாஃப்ட்வேர்லயே போதும். படத்தைப் பெரிசாக்கித் தர்ற ஏஐ அப்ஸ்கேலர் ஒண்ணுல போட்டுப் பார்க்கச் சொன்னான் ஃப்ரெண்டு, போட்டா அந்த முகங்களுக்கெல்லாம் கண் இமை வரைஞ்சு கொடுக்குது! ஜிப்ரான் வரையாத இமை. உடனே டெலீட். தாளோட மஞ்சள் நிறத்தையும் வெள்ளையாக்கல, புள்ளிப்புள்ளியா பழுப்பு விழுந்ததையும் எடுக்கல. பழசு பழசாத் தெரியட்டும், இதுல எனக்கு ரெண்டாவது எண்ணமே இல்ல.

சைஸ் கணக்கு: புத்தகத்துல படம் சுமார் 4 க்கு 5 இன்ச், சைஸ் குறைச்ச பிறகு அது 600 டிபிஐக்கு (ஒரு இன்ச்சுக்கு 600 புள்ளி) சமமா நின்னா 2400 க்கு 3000 பிக்சல், 300 டிபிஐல பிரிண்ட் போட்டா 8 க்கு 10 இன்ச். அதுக்கு மேல இழுத்தா வெறும் மங்கல்தான். பெரிசா மாட்டினாத்தானே எடுப்பா இருக்கும்னு பலரும் சொன்னாங்க, நான் கேக்கல. அவரோட வாஷ் டிராயிங்கே பலதும் கையில பிடிச்சுப் பார்க்கிற தாள் அளவுதான், கிட்ட போய்ப் பார்க்கட்டுமே. காட்டன் தாள்ல மேட் பிரிண்ட், வெள்ளை மவுண்ட், சாதா கருப்பு ஃப்ரேம். எழுத்துப் பேனலுக்கு மட்டும் 24 க்கு 36 இன்ச் ஃபோம் போர்டு.

பேனல்ல என்ன எழுதறது? கவிஞர், தத்துவ ஞானின்னு புகழ்ந்து தள்றதுல எனக்கு இஷ்டமில்ல. யார் யார் எதைக் காப்பாத்தினாங்க, எது போச்சு, அதை மட்டும் எழுதினேன். பையன் வரையறதைப் பார்த்து டெனிசன் ஹவுஸ்னு குடியேறிகளுக்கு உதவி பண்ண ஒரு இடத்துல இருந்து 1896ல ஃப்ரெட் ஹாலண்ட் டேங்கற போட்டோகிராஃபர்கிட்ட அனுப்பி வைக்கிறாங்க. அவர்தான் புத்தகம் கொடுத்து, படம் எடுத்து, வழி காட்டி வளர்க்கிறார். அவர் எடுத்த ஜிப்ரான் போட்டோ அமெரிக்காவோட லைப்ரரி ஆஃப் காங்கிரஸ்ல, தரம் குறையாத பெரிய டிஃப் ஃபைலாவே இலவசமா கிடைக்குது, ஒரே ஒரு படத்தை மட்டும் பெரிசா மாட்டினோம்னா அது இதுதான். நடுவுல பெய்ரூட்ல போய்ப் படிச்சுட்டு 1902ல திரும்பறார், 1902, 1903 ரெண்டு வருஷத்துக்குள்ள தங்கச்சி சுல்தானா, அண்ணன் புத்ரோஸ், அம்மா கமீலா மூணு பேரும் போயிடறாங்க. மிஞ்சினது மரியானா ஒருத்திதான், தையல் வேலைக்குப் போய் அண்ணனுக்குச் சோறு போட்டவ. 1904ல டேயோட ஸ்டுடியோவுல முதல் கண்காட்சி, அதே வருஷம் நவம்பர்ல அந்த ஸ்டுடியோ இருந்த ஹார்கோர்ட் கட்டடமே எரிஞ்சு போகுது, அவரோட ஓவியங்கள் மொத்தமும் சாம்பல். அந்தப் பேனல்ல படமே வைக்கல, காலி ஃப்ரேம் ஒண்ணு மாட்டலாமான்னு யோசிச்சு, ரொம்ப நாடகமா இருக்கும்னு விட்டுட்டேன், வெறும் எழுத்து.

மேரி ஹாஸ்கல் பேனல்தான் நீளம். அந்த 1904 கண்காட்சிக்கு வந்த ஸ்கூல் ஹெட்மிஸ்ட்ரஸ், அவரைவிட ஒன்பது வயசு மூத்தவங்க. மாசம் 75 டாலர் கொடுத்து 1908ல பாரிஸுக்குப் படிக்க அனுப்பினாங்க, அப்புறம் இங்கிலீஷ் கையெழுத்துப் பிரதி எல்லாம் திருத்திக் கொடுத்தாங்க, ‘ப்ராஃபெட்’ உட்பட. 1931 ஏப்ரல் 10ல நியூயார்க்ல 48 வயசுல அவர் போனதும் உயில்படி ஸ்டுடியோவுல இருந்த ஓவியங்கள் இந்தம்மாவுக்கு, புத்தக ராயல்டி பிஷர்ரி ஊருக்கு. ஸ்டுடியோவை ஒழிக்கப் போனப்போ இவங்க எழுதின 23 வருஷக் கடிதங்களையும் அவர் பத்திரமா வச்சிருந்தது தெரியுது. கூட இருந்த பார்பரா யங்ங்கற செகரட்டரி எரிச்சிடலாம்னு சொல்றாங்க, இவங்களும் முதல்ல சரின்னு சொல்லிட்டு, அப்புறம் மாட்டேன்னு எடுத்துட்டுப் போயிடறாங்க. ரெண்டு பக்கத்துக் கடிதங்களும் இவங்க டைரியும் இப்ப நார்த் கரோலினா யுனிவர்சிட்டியில இருக்கு, தன்கிட்ட இருந்த ஓவியங்களை 1950ல ஜார்ஜியாவுல சவானா ஊர் டெல்ஃபேர் மியூசியத்துக்குக் கொடுத்துட்டாங்க. அன்னைக்கு அந்தம்மா முதல்ல சொன்ன சரியிலயே நின்னிருந்தா இன்னைக்கு ஜிப்ரான் பத்தி நமக்குத் தெரிஞ்சதுல பாதி கிடையாது. தங்கச்சி மரியானா, அவர் ஆசைப்பட்ட, பிஷர்ரியில இருக்கிற மார் சர்கிஸ் மடத்தை வாங்கி அங்க அடக்கம் பண்ண வழி பண்ணினா, 1935ல தொடங்கின ஜிப்ரான் மியூசியம் 1975ல அந்த மடத்துக்கே வந்துச்சு, 440 ஒரிஜினல்கள் அங்க இருக்கு. ராயல்டி பணத்தை வச்சு ஊர்க்காரங்க வருஷக்கணக்கா அடிச்சுக்கிட்டதையும் ஒரு வரி எழுதினேன், எல்லாம் தெய்வீகமா நடந்த மாதிரி காட்டணும்னு ஒண்ணும் இல்லையே.

மேற்கோளுக்கு ஒரே சட்டம்: பொதுச்சொத்தான புத்தகங்களோட முழு டெக்ஸ்டையும் ஒரே ஃபைலா இறக்கிச் சேர்த்துவச்சு, அதுல தேடிக் கிடைக்காத வரி சுவத்துல ஏறாது. லைப்ரரி கமிட்டியில ஆளாளுக்கு ஃபேவரிட் வரி அனுப்பினாங்க, அழகழகான வரிகள், பலது எந்தப் புத்தகத்துலயும் இல்ல. அரபியில எழுதினதா இருக்கலாமேன்னு வாதம் வந்துச்சு, இருக்கலாம், பக்கம் காட்டுங்க போட்டுடலாம்னேன், யாரும் காட்டல.

மூணு மொழியில குறிப்பு வைக்கணும்னு ஆசை: இங்கிலீஷ், அரபி, இந்த டவுன்ல தமிழ்க் குடும்பங்க நிறைய இருக்கிறதால தமிழும். பிரிண்ட் கடையில பிடிஎஃப் ப்ரூஃப் வந்தப்போ அரபி எழுத்து ஒண்ணோட ஒண்ணு சேராம தனித்தனியா, போதாக்குறைக்கு இடமிருந்து வலமா திரும்பி நிக்குது, தமிழ்ல ‘கொ’ எல்லாம் கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கமா செதறிக் கெடக்குது. அவங்க லேஅவுட் சாஃப்ட்வேர்ல உலக மொழிகளுக்கான கம்போசர் செட்டிங்கை ஆன் பண்ணாம நம்ம டெக்ஸ்டை ஒட்டியிருக்காங்க. ஆன் பண்ணச் சொல்லி விளக்கறதைவிட நானே லிப்ரெஆபீஸ்ல அடிச்சு, ஃபாண்ட் உள்ளயே பதிச்ச பிடிஎஃப்பா கொடுத்துட்டேன், தொடாம அடிங்கன்னு சொல்லி. அரபியை அந்தப் பெரியவரோட பேத்தி ப்ரூஃப் பார்த்தா. உங்களுக்குப் படிக்கத் தெரியாத மொழியைத் தெரிஞ்சவங்க கண்ணு படாம பிரிண்டுக்கு அனுப்பாதீங்க.

நிர்வாண ஓவியம்னு ஒரு பஞ்சாயத்து. ஜிப்ரான் வரைஞ்ச மனுஷங்கள்ல நிறைய பேருக்குத் துணி கிடையாது, அம்மாவும் குழந்தையும்கூட அப்படித்தான். காரிடார் வழியாத்தான் குழந்தைங்க செக்ஷனுக்குப் போகணும். எடுத்துடச் சொல்வாங்கன்னு நினைச்சேன், லைப்ரரியன் பேசிப்பார்த்துட்டு வரிசையை மட்டும் மாத்தச் சொன்னாங்க: முகங்களும், ‘ப்ராஃபெட்’ கடைசியில வர்ற, உள்ளங்கையில கண் இருக்கிற அந்தக் கை ஓவியமும் குழந்தைங்க போற பக்கம், மத்தது ரீடிங் ரூம் பக்கம். ஒரு படமும் வெளிய போகல.

மாட்டறப்போ படத்தோட நடு, தரையில இருந்து 57 இன்ச், மியூசியத்துல பண்றதும் ஏறத்தாழ இதுதான், வீல்சேர்ல வர்றவங்களுக்காக குறிப்பு அட்டையைக் கொஞ்சம் கீழ வச்சோம். ஃபோம் போர்டு ஈரப்பதத்துல வளையும், பின்னாடி ரெண்டு அலுமினியப் பட்டை ஒட்டினா நிக்கும். கடைசிப் பேனல்ல ஒரு நடை மேப்: டைலர் ஸ்ட்ரீட்ல அவர் படிச்ச க்வின்சி ஸ்கூலோட பழைய கட்டடம் இன்னும் நிக்குது, இப்ப அந்த ஏரியா சைனாடவுன், அங்கிருந்து நடந்தா அரை மணி நேரத்துல காப்லி ஸ்கொயர், பப்ளிக் லைப்ரரிக்கு எதிர்ல 1977ல வச்ச அவரோட வெண்கல நினைவுச் சின்னம். அதைச் செஞ்ச சிற்பி பேரும் கலீல் ஜிப்ரான்தான், சொந்தக்காரர், காட்சன், அதாவது ஞானமகன். கீழ க்யூஆர், அது எந்தக் கம்பெனி லிங்க் சுருக்கி வழியாவும் போகல, நேரா ஃபைல் இருக்கிற இடத்துக்கே.

ஃபைல் விஷயம்: தொடாத மாஸ்டர் டிஃப் தனி ஃபோல்டர், திருத்தினது தனி, ஒவ்வொண்ணுக்கும் எந்த வருஷ அச்சு, எந்தப் பக்கம், யார் காப்பி, என்ன திருத்தினோம்னு ஒரு சாதா டெக்ஸ்ட் ஃபைல். ரெண்டு ஹார்ட் டிஸ்க், ஒண்ணு என் வீட்ல ஒண்ணு அந்தப் பெரியவர் வீட்ல, இன்னொரு செட் இன்டர்நெட் ஆர்க்கைவ்ங்கற இலவச ஆன்லைன் லைப்ரரியில.

காரிடார்ல நேரம் முடிஞ்சதும் பக்கத்து டவுன் லைப்ரரி கேட்டு வாங்கிட்டாங்க, இப்ப பேனல் சுத்திட்டு இருக்கு. பெட்டி செய்யறப்போ ஒண்ணு கவனிங்க, 24 க்கு 36 போர்டு அடுக்கின பெட்டி எல்லா செடான் கார் டிக்கியிலயும் நுழையாது, வேன் உள்ள ஆள் யாராவது டீம்ல இருக்கணும். ஃப்ரேமுக்கு நடுவுல பழைய பெட்ஷீட் போதும், பபிள் ராப் நேரா படத்துல பட்டா வட்ட வட்டமா தடம் விழுது.